ஓய்வுக்குப் பிறகு தனியார் மருத்துவக் காப்பீடு: கட்டும் பணத்துக்குத் தகுமா?

பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த வாரம், அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தேன். உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பதினாறு ரசீதுகள் இருந்தன. 61 வயதில் தொடங்கி 76 வயது வரை ஆண்டுக்கு ஒன்று. தரையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முதல் ரசீதில் இருந்த தொகை அவருடைய அரை மாத ஓய்வூதியத்தைவிடச் சற்றே அதிகம். கடைசி ரசீதில் இருந்தது முதல் ரசீதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. பதினேழாவது ரசீது இல்லை. இரண்டு மாத ஓய்வூதியத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் கட்ட முடியும் என்ற நிலை வந்தபோது, 77ஆம் வயதில், பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். எலும்பு முறிந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து.

அத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் காப்பீட்டுப் பணம் வந்திருந்தது, ஒரு கண்ணில் புரை நீக்கியதற்கு. உடல் தேறி வீட்டுக்கு வந்த பிறகு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "பதினாறு ஆண்டு கட்டினேனே, அது வீணா? இல்லை, நிறுத்தினேனே, அதுதான் தவறா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று கேட்டால், தவறு 77 வயதில் நடக்கவில்லை, 61 வயதிலேயே நடந்துவிட்டது என்று சொல்வேன். அன்று அவரும் பார்க்கவில்லை, உடனிருந்த நாங்களும் பார்க்கவில்லை: அந்த ஆண்டின் பிரீமியத்தை மட்டும் பார்த்து, "கட்டிவிடலாம்" என்று முடிவு செய்தோம். பதினைந்து ஆண்டு கழித்து அது எவ்வளவாக இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஓய்வுபெற்றவர்களோ ஓய்வுபெறப் போகிறவர்களோ இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. மருத்துவக் காப்பீடு என்பது ஒரு பொதுப்பானை. ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். அந்த ஆண்டு நோயில் விழுந்த சிலருடைய செலவு அதிலிருந்து போகிறது. பானையைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்குச் சம்பளம், அலுவலகம், முகவர் கமிஷன், லாபம் எல்லாம் உண்டு. அதுவும் அதே பானையிலிருந்துதான் போகிறது. அமெரிக்காவில் தனிநபர் காப்பீட்டு நிறுவனங்கள் வசூலிக்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 விழுக்காட்டை மருத்துவச் செலவுக்கும் தர மேம்பாட்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மீதி 20 விழுக்காடு நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும் போகலாம் என்பதே இதன் மறுபக்கம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சராசரியாக எடுத்துக்கொண்டால், கட்டியவர்களுக்குக் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. காப்பீட்டின் இயல்பே இதுதான். எனவே "போட்ட பணம் திரும்பி வருமா?" என்று கணக்குப் பார்த்தால் பெரும்பாலோருக்கு "வராது" என்றே விடை வரும். கேட்க வேண்டியது வேறு: என் சேமிப்பையும் வீட்டையும் பிள்ளைகளின் கையிருப்பையும் கரைத்துவிடக்கூடிய ஒரு பெரிய செலவு வந்தால், அதை யார் தாங்குவார்கள்? அந்த அடியைத் தாங்கத்தான் பிரீமியம். தாங்கக்கூடிய சின்னச் செலவுகளுக்காகப் பிரீமியம் கட்டுவது, பானையில் போட்டதையே கமிஷன் கழித்துத் திரும்ப எடுப்பது போன்றது.

வயதானால் ஏன் இவ்வளவு ஏறுகிறது?

முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தால், அந்த ஆண்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் சிலர்தான். எழுபத்தைந்து வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் சேர்ந்தால் கதை வேறு. கண்புரை, மூட்டுத் தேய்மானம், இதயக் குழாய் அடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், விழுந்து எலும்பு முறிவது என்று ஏதாவது ஒன்று பலருக்கும் வந்தே தீரும். எப்போது, எவ்வளவு பெரிதாக என்பது மட்டும் தெரியாது. ஆபத்து நிச்சயத்தை நெருங்க நெருங்க, பிரீமியமும் உண்மைச் செலவை நெருங்குகிறது. அதோடு மருத்துவத்தின் விலையும் ஆண்டுதோறும் ஏறுகிறது. வயதால் ஓர் ஏற்றம், விலைவாசியால் ஓர் ஏற்றம் என்று இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன.

இந்த ஏற்றத்தை நாடுகள் இரண்டு விதமாகக் கையாள்கின்றன. பல நாடுகளில் வயதுக்கேற்ற பிரீமியம்: 60க்கு ஒரு தொகை, 65க்கு அதைவிடக் கூடுதல், 70க்கு இன்னும் கூடுதல் என்று படிப்படியாகப் போகும். ஆஸ்திரேலியா, அயர்லாந்து போன்ற சில நாடுகளில் சமூகச் சமப் பிரீமியம்: ஒரே பாலிசிக்கு இளைஞரும் முதியவரும், நோயாளியும் ஆரோக்கியமானவரும் ஒரே அடிப்படைத் தொகைதான் கட்ட வேண்டும். முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் எல்லாருமே "வயதான பிறகு சேர்ந்துகொள்கிறேன்" என்று காத்திருந்தால் பானையில் நோயாளிகள் மட்டுமே இருப்பார்கள், பானை உடைந்துவிடும். அதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது. 30 வயதைத் தாண்டிய பிறகு மருத்துவமனைக் காப்பீடு இல்லாமல் கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் 2 விழுக்காடு கூடும், அதிகபட்சம் 70 விழுக்காடு வரை. பத்து ஆண்டு தொடர்ந்து கட்டினால் அந்தக் கூடுதல் நீங்கும். அறுபத்தைந்தில் முதன்முதலாகச் சேர்பவர் எழுபத்தைந்து வரை அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

வயதுக்கேற்ற பிரீமியம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தபோதுதான் பெரியம்மாவின் டப்பாவில் இருந்த ரசீதுகள் எனக்குப் புரிந்தன.

60 வயதில் உங்கள் பிரீமியம் ஓய்வூதியத்தில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிக்காத தொகைதான். பிரீமியம் ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறட்டும், ஓய்வூதியம் 3 விழுக்காடு ஏறட்டும். 70 வயதில் பிரீமியம் ஓய்வூதியத்தில் 8 விழுக்காடாகியிருக்கும். 80 வயதில் ஏறக்குறைய 13 விழுக்காடு. பிரீமியம் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறினால் 80 வயதில் 18 விழுக்காட்டுக்கும் மேல். உங்கள் ஓய்வூதியம் ஏறவே ஏறாத வகையாக இருந்தால், அதே 10 விழுக்காட்டு ஏற்றத்தில், எண்பதாவது வயதில் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிரீமியமே தின்றுவிடும். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறியது. ஏழு ஆண்டுக்குச் சற்று மேல் போனால் இரட்டிப்பு.

இதில் மிகவும் வேதனையானது என்னவென்றால், ஆள் பாலிசியை விடும் வயதும் பாலிசி தேவைப்படும் வயதும் ஒன்றாக இருப்பதுதான். அறுபதுகளில் ஆரோக்கியமாக இருந்தபோது பானையில் போட்டுக்கொண்டே இருந்தவர், எடுக்க வேண்டிய காலம் வரும்போது வெளியே நிற்கிறார். எண்பது வயதில் கட்ட முடியாத பாலிசியை அறுபதில் தொடங்குவதில், அந்த இடைக்காலத்துக்கான பாதுகாப்பு தவிர வேறு பயன் இல்லை. அந்த இடைக்காலப் பாதுகாப்பு மட்டுமே போதும் என்று தெரிந்தே எடுத்தால் குற்றமில்லை. தெரியாமல் எடுப்பதுதான் குறை.

அரசு ஏற்கெனவே என்ன தருகிறது?

தனியார் காப்பீடு தகுமா என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு விடை கிடையாது. நீங்கள் வாழும் இடத்தில் அரசு எதைத் தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறும். தனியார் பாலிசி அந்த ஓட்டையை அடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பிரிட்டனில் 1948 முதல் இயங்கும் தேசியச் சுகாதாரச் சேவையில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. மாரடைப்பு வந்தாலும் விபத்து நடந்தாலும் அவசரச் சிகிச்சை அங்கேதான். அங்கே தனியார் காப்பீடு பெரும்பாலும் வாங்கித் தருவது காத்திருப்பைக் குறைப்பதையும், மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும், தனி அறையையும். நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய்களின் தொடர் சிகிச்சையை அந்தப் பாலிசிகள் வழக்கமாக ஏற்பதில்லை. எனவே அங்குள்ள முதியவர் தன்னிடம் கேட்க வேண்டியது: முழங்கால் மாற்று அறுவைக்கு மாதக்கணக்கில் வலியோடு காத்திருப்பதைத் தவிர்க்க நான் எவ்வளவு கொடுக்கத் தயார்? சிலர் அந்த ஓர் அறுவைக்கு மட்டும் கையிலிருந்து பணம் கட்டித் தனியாரிடம் செய்துகொள்கிறார்கள். இருபது ஆண்டுப் பிரீமியத்தோடு ஒப்பிட்டால் அது பலருக்கு மலிவாகவே முடியும்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். முதியவர்களுக்காக 1965இல் சட்டமான மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு 65 வயதில் தொடங்குகிறது. ஆனால் அதன் மூல வடிவத்தில், மருத்துவர் கட்டணம் போன்றவற்றில் பொதுவாக 20 விழுக்காட்டை நோயாளியே தர வேண்டும், அதற்கு ஆண்டு உச்சவரம்பும் கிடையாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் 20 விழுக்காடு என்பது ஒரு குடும்பத்தைச் சாய்க்கக்கூடிய தொகை. அந்த ஓட்டையை அடைக்கும் தனியார் துணைக் காப்பீடு அங்கே ஆடம்பரமாகத் தோன்றவில்லை. அதற்கு ஒரு கெடுவும் உண்டு: 65 வயதாகி மெடிகேரின் மருத்துவர் பிரிவில் சேர்ந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் துணைக் காப்பீடு கேட்டால் நோயைக் காட்டி மறுக்க முடியாது. அந்த ஆறு மாதம் கடந்துவிட்டால் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம், கூடுதல் பணமும் கேட்கலாம்.

சிங்கப்பூரில் 2015 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஓர் அடிப்படைக் காப்பீடு இருக்கிறது. முன்பே நோய் இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் தனியார் பாலிசி எடுப்பது உயர்தர வார்டுக்கும் தனியார் மருத்துவமனைக்கும்தான். இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். இந்தியாவில் 2024 அக்டோபர் முதல், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 70 வயது நிறைந்தவர்கள் அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் அதில் சேரலாம். இதைப் பற்றிக் கேள்விப்படாமலேயே தனியார் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். பாலிசியை விட்டுவிடுங்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்லமாட்டேன். அரசுத் திட்டத்தில் உங்களுக்கு வேண்டிய மருத்துவமனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாலிசியின் அளவை மறுபடி யோசியுங்கள் என்பேன்.

பாலிசி கையில் இருந்தும் பணம் வராத இடங்கள்

முதியவர்களின் மருத்துவச் செலவை ஒருமுறை மாதவாரியாக எழுதிப் பாருங்கள். தினசரி மாத்திரைகள், பல் கட்டுவது, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, இரத்தப் பரிசோதனை, உடற்பயிற்சிச் சிகிச்சை. இவற்றில் பெரும்பகுதியை மருத்துவமனைப் பாலிசிகள் ஏற்பதில்லை, அல்லது சிறு வரம்போடு நிறுத்திக்கொள்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரியது பராமரிப்பு. மறதி நோய் வந்தவரையோ படுக்கையில் விழுந்தவரையோ குளிப்பாட்ட, உணவு ஊட்ட, இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் நீளும். மருத்துவக் காப்பீடு சாதாரணமாக இதற்கு ஒரு காசும் தராது. பெரியம்மாவுக்கு அறுவைக்கு ஆன செலவு ஒரு முறையோடு முடிந்தது. அதற்குப் பிறகு பார்த்துக்கொண்ட உதவியாளருக்குக் கொடுத்தது பதினொரு மாதம் ஓடியது. ஓய்வுக்காலப் பணத்தில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்காமல் முழுவதையும் பிரீமியத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாலிசியின் மலிவு வகைகளிலும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் மருத்துவமனைப் பாலிசிகளைத் தங்கம், வெள்ளி, வெண்கலம், அடிப்படை என்று வகை பிரித்திருக்கிறார்கள். கண்புரை அறுவையும் மூட்டு மாற்று அறுவையும் கட்டாயமாக இருக்க வேண்டியது தங்க வகையில் மட்டும். கீழ் வகைகளில் நிறுவனம் விரும்பினால் சேர்க்கலாம். அதாவது மகப்பேற்றை விட்டுவிட்டால், முதியவருக்கு அதிகம் தேவைப்படும் இரண்டு அறுவைகள்தான் மலிவுப் பாலிசியிலிருந்து முதலில் கழன்று விழுகின்றன. விலையைப் பார்த்து வகையை இறக்குவதற்கு முன், எந்த உறுப்பு உங்களுக்கு இப்போதே வலிக்கிறது என்று யோசியுங்கள்.

இந்தியப் பாலிசிகள் பலவற்றில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. இந்த விதியின் கடுமை டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் பலருக்குத் தெரியவருகிறது. பாலிசி அனுமதிக்கும் அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய், நீங்கள் தங்கியது 8,000 ரூபாய் அறையில் என்றால், வித்தியாசமான 3,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடப்பதில்லை. 8,000க்கு 5,000 என்ற விகிதம், அதாவது 62.5 விழுக்காடு, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றுக்கும் சேர்த்துப் பொருத்தப்படும். மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம் போன்றவற்றில் எட்டில் மூன்று பங்கு உங்கள் தலையில் விழும். சேர்க்கும்போது ஒரு வகுப்பு கீழே உள்ள அறையைக் கேட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இன்னும் இரண்டு சொற்கள். டிடக்டிபிள் என்பது, ஒவ்வோர் ஆண்டும் முதலில் நீங்களே கொடுக்க வேண்டிய தொகை. அதற்கு மேல் ஆகும் செலவைத்தான் நிறுவனம் ஏற்கும். கோ-பே என்பது ஒவ்வொரு பில்லிலும் உங்கள் பங்கு, பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்பது போல. இரண்டுமே பிரீமியத்தைக் குறைக்கும், ஆனால் முதியவருக்கு இரண்டும் ஒன்றல்ல. டிடக்டிபிளில் உங்கள் இழப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும். அந்தத் தொகையை வங்கியில் போட்டு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கோ-பேயில் பில் பெரிதானால் உங்கள் பங்கும் பெரிதாகும், எந்தப் பெரிய அடிக்குப் பயந்து பாலிசி எடுத்தீர்களோ அந்த அடியில் ஒரு பகுதி உங்கள் மேலேயே விழும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் நான் டிடக்டிபிளையே எடுப்பேன்.

பெரியம்மாவுக்கு எழுபது வயதில் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். பாலிசியைத் தொடர்வதும் நிறுத்துவதும் என இரண்டே வழிகள்தான் இருப்பதாக அவர் நினைத்திருந்தார். டிடக்டிபிளை உயர்த்தி, சின்னச் செலவுகளைத் தன் கையிலிருந்து பார்த்துக்கொண்டு, பெரிய செலவுக்கு மட்டும் பாலிசியை வைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருந்தது. இந்தியாவில் சூப்பர் டாப்-அப் என்று விற்கப்படுவது ஏறக்குறைய இதுதான்: ஓராண்டில் ஆன மொத்தச் செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகு விழித்துக்கொள்ளும் பாலிசி. முழுப் பாலிசியைவிட இதற்குப் பிரீமியம் குறைவு. விட்டுவிட்டுத் திரும்பச் சேர்வது கடினம் என்பதையும் அவர் அறிந்திருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தால் முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆஸ்திரேலியாவில் அது 12 மாதம், இந்தியாவில் 2024இல் வந்த விதிப்படி அதிகபட்சம் 3 ஆண்டு. எழுபத்தேழு வயதில் மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம்.

பிரீமியத்தை நானே சேர்த்து வைத்தால் என்ன?

இது நியாயமான கேள்வி, பலர் கேட்கிறார்கள். 60 வயதில் கட்டும் பிரீமியம் 1 பங்கு என்று வைத்து, ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏற்றிக்கொண்டே இருபது ஆண்டு சேர்த்தால், வட்டி இல்லாமலே ஏறக்குறைய 46 பங்கு சேரும். வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். நோய் எண்பது வயது வரை காத்திருந்தால் இது பல பாலிசிகளைவிட மேலானது, மீதிப் பணம் பிள்ளைகளுக்கும் போகும். சிக்கல் முதல் ஆண்டுகளில்தான். ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் இருப்பது 6 பங்குக்கும் குறைவு. இதய அறுவை அறுபத்து நான்கில் வந்துவிட்டால் அது எந்த மூலைக்கும் போதாது.

ஆகவே இந்த வழி இரண்டு வகையினருக்குப் பொருந்துகிறது. ஒன்று, பெரிய செலவு ஒன்று வந்தாலும் அசையாத அளவு சேமிப்பு ஏற்கெனவே உள்ளவர். மற்றொன்று, நம்பத்தக்க அரசு மருத்துவம் பெரிய அடியைத் தாங்கிக்கொள்ளும் நாட்டில் இருப்பவர். அவர் வசதிக்காக மட்டும் ஒரு நிதி வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்குத் தனியார் காப்பீடு பெரும்பாலும் விலைக்குத் தகாது என்றே நினைக்கிறேன்.

நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை: ஒரு பெரிய அறுவையில் சேமிப்பு கரைந்துவிடும், அரசு மருத்துவமனை அருகில் இல்லை அல்லது அந்தச் சிகிச்சை அங்கே இல்லை, ஆனால் எண்பது வயது வரை பிரீமியம் கட்டும் வருமானம் இருக்கிறது. இவர்கள் எடுக்கலாம், எடுக்க வேண்டும். பிரீமியம் கட்டினால் மாத்திரை வாங்கவோ நல்ல உணவு சாப்பிடவோ பணம் இல்லாமல் போகும் நிலையில் இருப்பவர்கள் கட்டக் கூடாது. நாளை வரக்கூடிய நோய்க்காக இன்றைய இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவது அந்த நாளைய நோயைக் கையைப் பிடித்து அழைத்து வருவதாகும்.

படிவத்தில் மறைக்காதீர்கள்

ஓய்வுபெற்றவர் புதிதாகப் பாலிசி எடுக்கும்போது பெரும்பாலும் முகவர்தான் படிவத்தை நிரப்புகிறார். எங்கள் உறவில் ஒருவர் பதினோரு ஆண்டாக இரத்த அழுத்தத்துக்கு அரை மாத்திரை சாப்பிட்டுவந்தார். அதை ஒரு நோயாக அவர் நினைத்ததே இல்லை. முகவரும் கேட்கவில்லை, "இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார். இரண்டாம் ஆண்டு இதயக் குழாயில் அடைப்பு. மருத்துவமனைக் குறிப்பில் "பதினோரு ஆண்டாக இரத்த அழுத்தம்" என்று அவரே சொல்லி எழுதியிருந்தது. கோரிக்கையை மறுத்துவிட்டார்கள், பாலிசியும் ரத்தானது. அவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர். அந்த மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்தியாவில் ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, சொல்லாமல் விட்டதைக் காட்டி மறுக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. முதியவருக்கு அந்த ஐந்து ஆண்டு அமைதியாகக் கடக்கும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

அப்பா 64 வயதில் பாலிசி எடுக்கத் தீர்மானித்தபோது, தான் சாப்பிடும் மூன்று மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி வைத்தார். "இந்தச் சின்ன மாத்திரையை எழுத வேண்டியதில்லை ஐயா" என்றார் முகவர். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை எழுத்துக்கூட்டித் தானே எழுதினார். பிரீமியம் ஐந்தில் ஒரு பங்கு கூடியது. பிறகு, "எனக்கு எண்பது வயதானால் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டார். முகவரிடம் அன்று பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து வயதுவாரியான கட்டண அட்டவணையோடு வந்தார். எண்பது என்ற வரியைப் பென்சிலால் வட்டமிட்ட அப்பா, அது இன்றைய விலைதானே என்று அந்தத் தொகையை இரட்டிப்பாக்கி, தன் ஓய்வூதியத்தால் வகுத்துப் பார்த்தார். எட்டில் ஒரு பங்கு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். இருவரும் சிறிது நேரம் பேசிக்கொண்ட பிறகு, டிடக்டிபிளை ஒரு படி உயர்த்தித் தரச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார்.